கழட்டிக் காட்டிய ஃபில்டர்

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் ஏசியைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு ஃபில்டரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, சார். அது பாவம், டீசலில் வரும் அழுக்கையெல்லாம் தானே வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் கிடக்கும். அடைத்துக்கொண்டால் ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. மேடு ஏறும்போதுதான் இழுவை இல்லாமல் நின்றுவிடும். அருள்புரத்தில் பட்டறை வைத்திருக்கிற எனக்கு இது தெரியாமல் இல்லை.

நிர்மலா என் மனைவி. அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. போன வருஷம் சண்டை எதுவும் போடாமல் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது பேசியிருப்பேன். காரை மட்டும் என்னிடம்தான் சர்வீஸுக்கு விடுவாள். ஒருமுறை பல்லடம் ரோட்டில் பேட்டரி இறங்கி நின்றபோதும் என்னைத்தான் கூப்பிட்டாள். நான் போய்ச் சேர்ந்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு வலிக்கிறது. அந்தக் கார் அடிக்கடி நிற்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

திங்கட்கிழமை வந்தாள். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டதாம், மறுநாள் காலையில் காரிலேயே அவிநாசி வழியாகக் கிளம்புகிறாளாம். ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றச் சொன்னாள். இனிமேல் அங்கேயே சர்வீஸுக்கு விட்டுக்கொள்வாளாம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒன்றை மாட்டினால், கழட்டிய பழையதைக் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். அவள் காரில் இருந்ததைக் கழட்டினேன். அதே மாடல் வாடகைக் காரிலிருந்து எடுத்துப் போட்டிருந்த, அடைத்துப்போன ஃபில்டரை அங்கே மாட்டினேன். அவளுடையதைத் துடைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீங்க மாத்துனாச் சரிங்க மாமா. என்னத்தக் காட்டறீங்க,” என்றாள்.

பிரிந்த பிறகும் அந்த ‘மாமா’ அவள் வாயிலிருந்து போகவில்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அவிநாசி போகும் வழியில், மேம்பாலம் ஏறுகிற இடத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நினைத்த இடத்திலேயே கார் நின்றது. இறங்கிப் பின்பக்கம் வந்து போனை எடுத்தாள். நானும் என் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் யாருடனோ பேச ஆரம்பித்தாள். என் போன் அடிக்கவில்லை. கூப்பிடாமல் போய் நின்றால் சந்தேகப்படுவாளே என்று இன்னொரு டீ சொன்னேன்.

நூல் லோடு ஏற்றிய லாரி ஒன்று ஓரம் ஒதுங்கி அவளை நோக்கியே வருவது எனக்குத் தெரிந்தது. அவள் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கத்தினால் கேட்கிற தூரம்தான். நான் அங்கே என்ன செய்கிறேன் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அவள் கடைசியாகக் கூப்பிட்டது, நின்றுபோன வண்டிக்கு மெக்கானிக்கை அனுப்பச் சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனியை என்று நீங்கள் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. ஃபில்டரை மாட்டியது நான்தான், லாரியைப் பார்த்ததும் நான்தான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். என்னைக் கூப்பிட்டிருந்தால் அவள் உயிரோடு இருந்திருப்பாள்.