ஒன்பது வீட்டுச் சேம்பிலை

ஹலோ... ஆமா, லஃபாயெலேதான் பேசுறேன்... யாரு, ஃபுவாதினோவா? சொல்லு நர்ஸம்மா... ரத்தப் பரிசோதனை முடிவு வந்துடுச்சா?... ரத்தம் உறையுற நேரக் கணக்கு ஒண்ணேகாலா? ரெண்டுக்குக் குறையக்கூடாதுன்னு நீதானே சொன்னே... இல்லம்மா, ஒரு நாள்கூட விடல. ஆண்டவர் மேல ஆணை, இப்ப நான் சொல்றது ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். ரத்தம் உறையாம இருக்குற மாத்திரையை வேளை தவறாம முழுங்குறேன்...

எப்படி வேலை செய்யுது தெரியுமா? என்னைக் கடிச்ச கொசு போயி போதகர் வீட்டுப் பன்னியைக் கடிச்சுது. கல்யாணத்துக்கு அதை வெட்டினாங்க. மூணு நாள் ரத்தம் நிக்கல... போதகரையே கேளு... வேண்டாம், அவரைத் தொந்தரவு பண்ணாதே.

கீரையா? தொடுறதே இல்ல... சேம்பிலையா? யாரு சொன்னா?... மாலியாவா? பெண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா எதிரி எதுக்கு... ஆமா... ஆமா, ஆமா. ஞாயித்துக்கிழமை ஒன்பது வீட்டுலேருந்து வரும், தேங்காய்ப்பால் ஊத்திச் சுட்ட இலைப் பொட்டலம். நான் ஊர்த்தலைவன். ஒரு வீட்டோடதைத் தின்னுட்டு இன்னொண்ணைத் திறக்காம வெச்சா ஊர் ரெண்டாயிடும். சமாதானத்துக்காகத் தின்னேன்... ஒன்பதும்தான்... மாத்திரையை முறிச்சுடும்னு தெரியும்மா! அதனாலதான் மாத்திரை காலையில, இலை மத்தியானம். ரெண்டும் முகம் பாக்கவே விடல.

போன தடவையா?... மறக்கல. கால்ல உறைஞ்சது நெஞ்சுக்கு ஏறிச்சு... ஆமா, மூச்சு நின்னுது... சரி, நீதான் காப்பாத்தினே. கத்தாதே.

இன்னிக்கேவா? படகு ஏறி அப்பியா டவுன் ஆஸ்பத்திரிக்கா? இன்னிக்கு ஊர்க்கூட்டம்மா!... காலையிலேருந்து சம்மணம் போட்டுத்தான்... எப்படி நீட்டுறது? கூட்டத்துல காலை நீட்டுறவனுக்கு ஒரு பன்னி அபராதம். விதிக்கிறவனே நான்தான்.

வலியா? சேச்சே. விடியக்காலையில தென்னை ஏறினேன். உச்சி வந்துடுச்சு, ஆனா காலு நிக்கல, மரத்துக்கு மேல இன்னும் ரெண்டு முழம் ஏறிட்டுத்தான் இறங்கினேன்... ஹலோ?... ஹலோ, இருக்கியா?... ஏம்மா பேச மாட்டேங்குறே?...

...

சரி. வண்டியை அனுப்பு... எந்தக் காலா?... இடது. நேத்து மத்தியானத்துலேருந்து செருப்புக்குள்ள நுழையல.