அஷிம்பாய் வரும் பருவம்

எங்கள் பொது மருத்துவ வார்டுக்கு யார் எப்போது வருவார்கள் என்பதை வாசலை எட்டிப் பார்க்காமலேயே என்னால் சொல்லிவிட முடியும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, பழக்கம்தான். ஊரில் பெரிய விருந்து நடந்தால் மறுநாள் கொழுப்பிறைச்சி தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கோடையில் மந்தைகள் மலை மேய்ச்சலுக்குக் கிளம்பும்போது, மகன்கள் வயதான தாயைக் கூட்டிவந்து, மூச்சு வாங்குகிறது என்று சொல்லிப் படுக்கவைத்துவிட்டுப் போவார்கள். லாரியில் ஆட்டுக்கு இடமிருக்கும், அவளுக்கு இருக்காது. கடுங்குளிரில் நெஞ்சுச்சளிக்காரர்கள். ஆடுகள் குட்டி போடும் வசந்தத்தில் மட்டும் வார்டு வெறிச்சோடிவிடும். அப்போது உயிர் போகிற வலி இருந்தாலொழிய எந்த ஆட்டுக்காரனும் பட்டியை விட்டு வரமாட்டான்.

அஷிம்பாய் குளிர்கால ஆள். மனைவி இறந்துவிட்டாள், மகள் ரஷ்யாவில் வேலை செய்கிறாள். வீட்டில் நிலக்கரி தீர்ந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் கணப்பு எரியும், ரொட்டியும் டீயும் கிடைக்கும், பேச்சுக்கு ஆள் இருக்கும். பை நிறையக் காய்ந்த தயிருருண்டைகள் கொண்டுவந்து வார்டு முழுக்க விநியோகம் செய்வார். "என் பெட்டு என்னைய மறந்துடலையே, டாக்டரக்கா?" என்பார். என்னைவிடப் பெரியவர்தான். ஆனாலும் அப்படித்தான் கூப்பிடுவார்.

என் கணவர் ஏர்மெக்குக்கு நிமோனியா வந்ததும் அப்படியொரு குளிரில்தான். நான் வார்டுத் தலைமை மருத்துவர். என் கணவரைத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்காரவைத்தேன். ஆக்சிஜன் உருளைக்குப் பக்கத்துப் படுக்கையில் அஷிம்பாய் படுத்திருந்தார். எழுந்திருக்கச் சொன்னபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினார். பொய் என்று தெரிந்தாலும், முனகுகிற மனிதரை எழுப்பிவிட விதி இடம் கொடுக்காது. ஏர்மெக்கை ஆம்புலன்ஸில் மாகாண ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கணவாயில் பனி மூடியிருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே அவர் போய்விட்டார்.

அஷிம்பாய் துக்கத்துக்கு வந்தார், மனதார அழுதார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏர்மெக் மாதிரி நல்ல வாத்தியார் இந்தப் பள்ளத்தாக்குக்கு இனி கிடைக்கமாட்டார் என்றார். தான் படுத்திருந்த படுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் வந்தபோதெல்லாம் நானே அன்பாக அட்மிட் செய்தேன். செவிலி பெர்மெத் முதலில் ஆட்சேபித்தாள். "அவரு நடிக்கிறாருக்கா. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும், பாவம் விடு என்றேன். பிறகு நானே அவரை வைத்துக் கேலி பேச ஆரம்பித்தேன். அவரைப் போலவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டீ கேட்டுக் காட்டுவேன். செவிலிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். கொஞ்ச காலத்தில் மருந்துக்கடைக்காரர், சமையல்காரி, காவலாளி எல்லாருக்கும் அஷிம்பாயின் நெஞ்சுவலி ஒரு வேடிக்கையாகிவிட்டது. என் மருத்துவக் குறிப்புகளில்கூட அவர் நோயை நோய் என்று ஒருமுறையும் எழுதவில்லை. இதற்கெல்லாம் பொறுமை வேண்டும். எனக்கு இருந்தது. குடித்துக் குடித்து வீங்கிய உடம்பு, ஏறிக்கொண்டே போகும் ரத்த அழுத்தம். ஒருநாள் அவர் உண்மையாகவே வருவார் என்பது மருத்துவம் படித்த யாருக்கும் தெரியும்.

இந்த வசந்தத்தில் வந்தார். ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருந்தன. பனி உருகி முற்றமெல்லாம் சேறு, நிலக்கரி யாருக்கும் தேவையில்லை. கையில் பை இல்லை. முகம் சாம்பல் நிறம், நெற்றியில் குளிர்ந்த வியர்வை, இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருட அனுபவத்தில் அவ்வளவு தெளிவாக ஒரு மாரடைப்பை நான் கண்டதில்லை.

"இந்தத் தடவ நெசமாவே வலிக்குதுக்கா," என்றார்.

பெர்மெத் இசிஜி இயந்திரத்தை எடுக்கப் போனாள். பழக்கதோஷம். நான் தடுத்து, பேப்பரை ஏன் வீணாக்குகிறாய், அண்ணனுக்கு டீ கொடுத்தால் சரியாகிவிடும் என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வெட்கப்பட்டவர்போல அவரும் கொஞ்சம் சிரித்தார்.

"வீட்டுக்குப் போய்ப் படுங்கண்ணே. நாளைக்கு வாங்க, பாக்கலாம்," என்றேன்.

"சரிக்கா," என்றார். திரும்பி நடந்தார். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்த நிலையில் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள்.

இதையெல்லாம் நானாகப் போலீஸுக்கு வந்து சொல்வதற்குக் காரணம் பெர்மெத். சிரித்தது நான்தானே, நான்தானே என்று வீட்டுக்குள்ளேயே அழுதுகொண்டு கிடக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவளை விட்டுவிடுங்கள். செய்தது நான். தெரிந்தே அனுப்பினேன், அந்த நாளுக்காகக் காத்திருந்து அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் ஓர் உயிரை எடுத்தது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் படுக்கையில் அவர் படுத்திராவிட்டால் ஏர்மெக் இருந்திருப்பார்.

சன்னலோரப் படுக்கையா? ஏர்மெக்கைக் கொண்டுவந்த அன்றைக்கு அது காலியாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆக்சிஜன் உருளையையும் அங்கே உருட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மறுநாள் மாவட்டத் தலைவரின் மாமியார் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ள வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். புது விரிப்பெல்லாம் போட்டு வைத்திருந்தோம். அதில் எப்படி ஆளைப் படுக்கவைக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.