ரெண்டு கட்டில் ரூம்

இல்லம்மா, நீ எந்திரிக்காதே. உன் துணியை நீ அடுக்கு. நான் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறேன், எனக்கு இது போதும். எம்பொண்ணு வந்துடுவா, கீழ தண்ணி பிடிக்கப் போயிருக்கா. உங்க வீட்ல எல்லாரும் கிளம்பிட்டாங்களா? காலைலயே விட்டுட்டுப் போயிட்டாங்களா, நல்லவங்க. எனக்கு மூணு மணிக்குத்தான் பஸ்ஸு. அதுவரைக்கும் இந்த மனுஷனை எங்க உக்கார வைக்கறதுன்னு அவ நேத்தே யோசிச்சிருப்பா.

பேரு அவளே சொல்லுவா. வீட்ல நாங்க வக்கீல்னுதான் கூப்பிடுவோம். படிக்க வந்தது என்னமோ பூச்சியைப் பத்தி. ஆனா ரெண்டு வயசுலயே, ஏன் சாப்பிடணும்னு கேட்டவ அவ. நாங்க பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள சாப்பாடு ஆறிப்போகும். நீ சிரிக்கறே. சிரி, சிரி. இன்னும் ஒரு வாரத்துல உனக்கே தெரியும்.

இந்த ரூமுக்கு வந்து சேர்ந்ததே ஒரு பெரிய கதைம்மா. மூணு ஹாஸ்டல் இருக்கு, எது வேணும்னு வரிசையா எழுதிக் குடுங்கன்னாங்கல்ல, உங்களுக்கும் அப்படித்தானே? நீ படத்தைப் பாத்தே எழுதிட்டியா? பாரு, அதுதான் புத்திசாலித்தனம். எங்க வக்கீல் மூணையும் நேர்ல பாக்கணும்னா. நானும் லீவு போட்டுட்டு வந்தேன்.

முதல்ல அந்தப் புதுக் கட்டடம். ஆறு மாடி, ஆளுக்கு ஒரு ரூம், ஆளுக்கு ஒரு சாவி. ஆறாவது மாடில ஒரு ரூமைத் திறந்து காட்டினாங்க. இவ உள்ள போய்க் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பி, மறுபடி திறந்து, மறுபடி திருப்பி... அந்த டொக்குங்கற சத்தத்தையே கேட்டுக்கிட்டு நின்னா. பொம்மைக் கடையில கூட அவ அப்படி நின்னதில்லை. எனக்கு அது ஒத்துக்கலை. நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்மா, இருபத்திரெண்டு வருஷமா. லிஃப்ட்டுல ஏதாவது குறை சொல்லி இந்தக் கட்டடத்தையே தட்டிக் கழிச்சிடலாம்னு மூணு தடவை மேலயும் கீழயும் போயிட்டு வந்தேன். கதவு நிதானமா மூடுது. தரையோட தரையா நிக்குது, ஒரு நூல் ஏத்தம் இறக்கம் கிடையாது. வேற வழியில்லாம, ஏதோ கறக் கறக்னு சத்தம் வருதேன்னேன். அப்பா, அது உங்க முழங்கால்னா.

ரெண்டாவது, சாப்பாட்டுக் கூடத்துக்கு மேல இருக்கே, அது. ரூமுக்கு நாலு பேரு. நாங்க போன நேரம் ஒருத்தி போன்ல அழுதுக்கிட்டிருக்கா, ஒருத்தி பாடிக்கிட்டிருக்கா, ரெண்டு பேரு ஒரே வாளிக்குச் சண்டை. நம்மாளு வாசல்லயே நின்னு பாத்துட்டு, பஸ் ஸ்டாண்டுல கூட ஒதுங்கி நிக்க ஒரு தூண் இருக்கும்பான்னா. அது முடிஞ்சுது.

மூணாவது இது. பழைய கட்டடம், லிஃப்ட் இல்லை, ரூமுக்கு ரெண்டே கட்டில். எனக்கு நுழைஞ்சதுமே பிடிச்சுப் போச்சு. ஒருத்தி இருமினா இன்னொருத்திக்குக் கேக்கும், அவ்வளவு கிட்ட. நான் ஒண்ணுமே சொல்லலைம்மா, சும்மா நின்னுக்கிட்டிருந்தேன். அவ என் முகத்தையே பாத்துட்டு, உங்களுக்குப் பிடிச்சிருக்குல்ல, அப்ப எனக்கு வேண்டாம்னுட்டா.

திரும்பிப் போற பஸ்ஸுலயே சண்டை ஆரம்பிச்சுடுச்சு. வீட்லயும் மூணு நாள் இதே பஞ்சாயத்து. எனக்கு வயசு பதினெட்டு ஆகப்போகுது, எனக்குன்னு ஒரு கதவு வேணும்னு அவ. கதவெல்லாம் வேலைக்குப் போனப்புறம் வாங்கிக்கலாம்னு நான். அவ அம்மா பேக்கரியில வேலை பாக்கறவ, விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கறவ. ரெண்டு பேரும் தெருவுல போய்ச் சண்டை போடுங்க, நான் தூங்கணும்னுட்டா.

அப்புறம் நான் ஒரு காரியம் பண்ணேன். சொன்னா நீ என்னை மதிக்க மாட்டே. அவ குளிக்கப் போனப்ப அவ கம்ப்யூட்டரைத் திறந்து, இந்த ஹாஸ்டலை முதல்ல போட்டு அனுப்பிட்டேன். ஆமாம்மா, தப்புதான். நீ அந்த முழி முழிக்க வேண்டாம், அவ முழிச்சதே இன்னும் என் முதுகுல இருக்கு. கத்தவே இல்லை. எதிர்ல வந்து உக்காந்தா. அப்பா, யோசிச்சுப் பாத்தா நீங்க போட்டது சரியா கூட இருக்கலாம், ஆனா நீங்க போட்டதால மாத்தறேன்னா. மாத்திட்டா. ஆறாவது மாடி அவளுக்குக் கிடைச்சும் போச்சு. ரூம் நம்பரை எழுதி எங்க வீட்டுக் கண்ணாடியில ஒட்டி வச்சா, நான் தினமும் அதைப் பாத்துத்தான் சவரம் பண்ணணும்.

அப்புறமா? அப்புறம் அவளே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு இதை வாங்கிக்கிட்டா. ஏன்னா... அது ஒரு இதும்மா. உனக்கு இந்த ஜன்னல் பக்கம் பிடிச்சிருக்கா? காத்து நல்லா வருமே. அந்தத் தாழ்ப்பாள் சரியா விழுதா? நான் வேணா ஒரு தடவை... வேண்டாமா. சரி.

பாரு, கீழ தண்ணி பிடிக்கறதுக்கு அரை மணி நேரம் ஆகாதும்மா. அவ அந்த மாடிப்படி திருப்பத்துல நிக்கறா. நான் சொல்லி முடிக்கட்டும்னு நிக்கறா. நான் சொல்ல வந்ததை விட்டுட்டு ஊர்க்கதை பேசிக்கிட்டிருக்கேன்.

அவளுக்கு வலிப்பு வரும்மா.

ஒம்பது வயசுலேர்ந்து. பயப்படாதே, அடிக்கடி இல்லை. மாத்திரை சாப்பிடறா, ரெண்டு வருஷமா வராமத்தான் இருந்துச்சு. அந்தத் தைரியத்துலதான் தனி ரூம் கேட்டா. போன மாசம் ஒரு நாள் மாத்திரையை மறந்திருக்கா. காலைல குளியலறையில தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உள்ள இருக்கறப்ப வந்துடுச்சு. விழுந்த சத்தம் கேட்டுது. கூப்பிட்டா பதில் இல்லை. எத்தனையோ லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுத்திருக்கேன். அன்னிக்கு ஒரு திருகு கழட்ட நாலு தடவை வழுக்குது. கதவைக் கீலோட கழட்டித்தான் எடுத்தேன்.

தெளிஞ்சு எந்திரிச்சு வந்தவ, சுவத்துல சாத்தி வச்சிருந்த அந்தக் கதவைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. நான்தான் சொன்னேனேன்னு சொல்ற நேரமா அது. சாயந்திரம் போய்க் கண்ணாடியில ஒட்டியிருந்த காகிதத்தைப் பிச்சு எடுத்தா. ஆறாவது மாடில கதவைக் கழட்ட யாருப்பா இருக்கப் போறாங்கன்னா. எனக்கு ஜெயிச்ச மாதிரியே இல்லைம்மா. அவ சாவியை நானே பிடுங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

வார்டனுக்குத் தெரியும், டாக்டர் கடிதம் குடுத்தாச்சு. ஆனா கூட இருக்கப்போற பொண்ணுக்கு முதல் நாளே சொல்லணும், அதுவும் நான்தான் சொல்லணும்னு அவ கண்டிஷன். ஏன்டி, நீயே சொல்லக் கூடாதான்னேன். நான் சொன்னா அவ என் மூஞ்சிக்காக சரின்னுடுவா, நீங்க பேசினா வேண்டாம்னு சொல்றது சுலபமா இருக்கும்னா. அவ அம்மாவை வர வேண்டாம்னுட்டா. அம்மா வந்தா, பாத்துக்கோடின்னு கண்ணாலயே கெஞ்சிடுவாளாம்.

அதனால கேக்கறேன்மா. உனக்கு இஷ்டம் இல்லைன்னா தப்பே இல்லை. ரெண்டாவது மாடில ஒரு ரூம் காலியா இருக்கு, கீழ கேட்டுட்டுத்தான் வந்தேன். பொட்டியை நானே தூக்கிட்டு வந்து தர்றேன். அவ உன்மேல கோவப்பட மாட்டா, நானும் மாட்டேன்.

என்ன பண்ணணுமா? பெருசா ஒண்ணுமில்லை. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். தலைக்கு அடியில ஏதாவது மெத்துனு வை. வாயில எதையும் வைக்கக் கூடாது, கையைக் காலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. கடிகாரத்தைப் பாத்துக்கோ. ரெண்டு நிமிஷத்துல அதுவா நின்னுடும். அஞ்சு நிமிஷம் தாண்டினா வார்டனைக் கூப்பிடு, ஆம்புலன்ஸுக்கு அவங்க சொல்லுவாங்க. தெளிஞ்சதும் கொஞ்ச நேரம் பேத்துவா, பக்கத்துல இருந்தா போதும். அவ்வளவுதான். எழுதி வேணாலும்...

ஏன்மா எந்திரிக்கறே? போறியா? இல்லை, அந்த மேசை... ஓ. அவ கட்டில் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கற அந்த முனை.

உள்ள நுழைஞ்சதும் முதல்ல அதைத்தான்மா பாத்தேன். நகத்தினா ஏன்னு கேப்பியேன்னு சும்மா இருந்துட்டேன். இரு, தனியா இழுக்காதே, மேசைக்காலு உடைஞ்சிடும். நீ அந்தப் பக்கம் பிடி. நான் இந்தப் பக்கம் பிடிக்கறேன்.