மூடி நகர்ந்த தாழி

— மேனகாக்கா, எங்க ஆளுங்க கையிலேர்ந்து கடப்பாரைய வாங்கிட்டீங்க. சரி. குழி மேலயே உக்காந்துட்டா எப்பிடிங்க? காரணத்தையாவது சொல்லுங்க.

— காரணம் இன்னாம்மா காரணம். எங்க காடு. தோண்ட வேணாம்.

— அவ கெடக்கறா, தேவிப்பிரியா மேடம். சொல்லப்போனா பட்டா அவ புருஷன் மாதப்பன்ங்கற என் பேர்ல இருக்குது. தொல்லியல் ஆபீஸ் காயிதத்துல நாந்தான் கையெழுத்துப் போட்டேன். நீங்க தோண்டுங்க.

— வேணாங்கண்ணா. அக்காவும் மனசார ஒத்துக்கட்டும். அக்கா, இந்தக் கல்லு வட்டம் மூவாயிரம் வருஷத்துக்கு முந்தியதா இருக்கலாம். மனுசன் இரும்ப உருக்கக் கத்துக்கிட்ட காலம். உலகத்தோட போக்கே அங்கதான் திரும்புச்சு. காட்ட வெட்டி வயலாக்குனான், கத்தி அடிச்சான், ராஜ்ஜியம் கட்டுனான். அதுல ஒரு துண்டு உங்க கடலைக்காட்டுல கெடக்குது.

— கேட்டியா மேனகா? நாளைக்குப் பள்ளிக்கூடப் புஸ்தகத்துல கம்பைநல்லூர் பேரு வரும். எகிப்து, ரோமாபுரி, அடுத்தது சொல்லப்போனா நம்ம காடு!

— வந்து இன்னா ஆவப்போவுது மாமா? பாண்டவர் குழின்னு உங்க தாத்தா காலத்துலேர்ந்து ஏர் ஓட்டாம வுட்டு வெச்சது. அப்பிடியே கெடக்கட்டும். தூங்கறவங்கள எழுப்பாதீங்க.

— பத்திரமாத்தாங்க்கா எடுப்போம். காலைல மேல்மண்ண வழிச்சப்போ ஒரு தாழி தெரிஞ்சுதில்ல? சின்னது. கொழந்தைய வெச்சுப் பொதைச்சது. வாய்கிட்ட மண்ணுல சிவப்புப் பாசிமணி நாலு கெடச்சுது. பெத்தவளே போட்டிருப்பா.

— நாலு இல்ல. ஏழு.

— அக்கா? அது எப்பிடி உங்களுக்குத் தெரியும்?

— வெயில்ல இன்னாமோ ஒளர்றா மேடம். ஏய், எழுந்து வூட்டுக்குப் போ.

— இருங்கண்ணா, நானே சொல்லணும்னு இருந்தேன். அந்தத் தாழியோட மூடி நகர்ந்திருக்குது. சுத்தி இருக்கற மண்ணும் பழைய மண்ணு இல்ல. யாரோ தொறந்து மூடியிருக்கறாங்க. ரொம்ப நாளு ஆகல. பத்துப் பதினஞ்சு வருஷந்தான் இருக்கும்.

— பொதையல் திருடனுங்க! எனக்கு அப்பவே சந்தேகம். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் ஓசூர் கம்பெனில இருந்தேன், இவளும் எங்கம்மாவுந்தான் இங்க. அப்போதான் பூந்திருக்கறானுங்க. சொல்லப்போனா இப்பவே ஸ்டேஷனுக்குப் போன் போடறேன்.

— போன கீழ வையுங்க மாமா. திருடன் எவனும் வரல.

— உனக்கு எப்பிடி...

— நீங்க ஓசூர்ல இருந்த அந்த வருஷந்தான் செத்துப் பொறந்துச்சு. ஞாபகம் இருக்குதா?

— அத எதுக்கு இப்போ, வெளியாளுங்க முன்னாடி? ஆஸ்பத்திரிலயே பொதைச்சுட்டாங்கன்னு நீதான சொன்ன?

— சொன்னேன். உங்கம்மா ஓடையோரமாப் போட்டுட்டு வாடின்னாங்க. துணியில சுத்திக்கிட்டுக் கெளம்பினேன். நரி இழுத்துட்டுப் போயிடுமேன்னு கால் போகல. இங்க வந்து மண்ண நோண்டினேன். இந்தத் தாழி தட்டுப்பட்டுச்சு. மூடிய நகத்திப் பாத்தா உள்ள ஏழு பாசிமணி கெடந்துச்சு.

— மேனகா...

— மேடம், தோண்டறதுன்னா கடப்பாரை போடாதீங்க, கையால அள்ளுங்க. அதுக்குள்ள ரெண்டு கொழந்தைங்க இருக்குது. ஒண்ணு எங்களுது.