மூத்த மருமகன் தலை

— அசையாம உக்காருங்க. வெங்காயச் சாறு கண்ணுல இறங்குச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது.

— இறங்கிருச்சு நதியா. ரெண்டு கண்ணையும் முடிச்சுட்டு இப்ப மூக்குக்கு வந்திருக்கு.

— பொறுத்துக்கங்க. கல்யாணத்துக்கு நாலே நாள்தான் இருக்கு.

— நாலு நாள்ல முளைப்பாரி வேணா மொளைக்கும், முடி மொளைக்காது. கேளு தாயி, நான் வரல. நீயும் அம்மாவும் போயிட்டு வந்துருங்க.

— என்ன பேசுறீங்க? தேவயானி யாரு, ஒங்க கொழுந்தியா! எங்கப்பா இருந்தா நான் ஏன் ஒங்ககிட்ட இப்படிக் கெஞ்சுறேன்? மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வேன்ல வந்து இறங்குறப்ப, மண்டப வாசல்ல நின்னு வாங்கன்னு கும்பிட மூத்த மருமகன் ஒங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?

— அந்தக் கும்புடுதான் பிரச்சினையே. கும்பிட்டுத் தலையக் குனிஞ்சா வீடியோக்காரன் லைட்டை அங்கனதான் அடிப்பான். கேசட்டு பூரா என் மண்டைதான் பளபளன்னு தெரியும்.

— பொண்ணை எடுக்காம ஒங்க மண்டையவா எடுக்கப் போறாக?

— வேணும்னா கம்பமெட்டு தாண்டிக் கேரளாவுக்குப் போயி ஒரு டோப்பா வாங்கியாறவா?

— இப்பவே காத்து தொடங்கிருச்சு. கும்பிடுறப்ப டோப்பா பறந்து சம்பந்தகாரவுக மடியில விழட்டும், நல்லா இருக்கும்.

— அப்பக் குரங்குக் குல்லா. காதுவலின்னு சொல்லிக்கிறேன்.

— வைகாசி வெயில்லயா? எங்க சுகிர்தம் சின்னம்மா வாயப் பத்தித் தெரியும்ல? குல்லாவ எடுத்துப் போட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பாக. போன ஆவணியில தாலி கட்டுறப்ப தலை நெறைய முடி இருந்துச்சே, ஒம்பது மாசத்துல இவ சமைச்சுப் போட்டே கொட்ட வச்சுட்டாளான்னு கேப்பாக. கேட்டாக் கேக்கட்டும், தாங்கிக்கிறேன். ஆனா நீங்க வராமப் போனா, புருசன் பொண்டாட்டிக்கு ஆகலைன்னு கதை கட்டிருவாக. எங்க ஆத்தா அன்னைக்குப் பூரா அழுதுக்கிட்டுத்தான் நிப்பாக.

— சமையல் இல்ல தாயி, தண்ணி. நம்ம போர்த் தண்ணி உப்பு.

— அதே தண்ணியத்தான நானும் தலைக்கு ஊத்துறேன்?

— அதான்... ஒனக்கு மட்டும் இடுப்புக்குக் கீழ தொங்குது.

— கண்ணு வைக்காதீங்க. எனக்குப் புரியாதது வேற. மாசி முச்சூடும் வெந்தயம் அரைச்சுப் போட்டேன். பங்குனியில செம்பருத்தி இலை, கத்தாழை. நெத்திக்கு மேல பொடிசு பொடிசா மொளைச்சுச்சு, இந்தக் கையால தடவிப் பாத்தேன். சித்திரையில அம்புட்டும் எங்க போச்சு? ஈரத்தலையோட சீவுனீங்களா?

— இல்ல.

— துண்ட வச்சு வறட்டு வறட்டுன்னு தேச்சீங்களா?

— ஒத்தித்தான் எடுத்தேன். நீ சொல்லி நான் எத மீறியிருக்கேன்?

— அப்ப காமாலைதான் காரணம். தலைகாணி உறை, நெத்தி, காது மடல்னு மஞ்ச மஞ்சளா இருந்தப்பவே எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு. இன்னும் தீரல போல. நாளைலருந்து கீழாநெல்லி ரெண்டு டம்ளர்.

— ஐயோ வேணாம்! பதினெட்டு நாளா உப்பில்லாக் கஞ்சி. எனக்கு முன்னாலயே ஒக்காந்து நீயும் அம்மாவும் கறிக்கொழம்பு ஊத்திச் சாப்பிட்டீங்க. இனிமே தாங்காது. எனக்குக் காமாலையே இல்ல நதியா.

— அப்ப மஞ்சள் எங்கிட்டிருந்து வந்துச்சு?

— தலைலருந்து.

— தலைல எப்படி வரும்?

— போட்டா வரும்.

— என்னத்தப் போட்டீங்க?

— கேளு தாயி, கோவிக்கக் கூடாது. நான் திராட்சைக்காரன். அடுத்தவன் கொடி தளதளன்னு இருந்தா, அவன் என்ன மருந்து அடிக்கிறான்னு வேலிய எட்டிப் பாக்குறதுதான் எங்க புத்தி. ஒன் முடியப் பாத்தேன். செவ்வா, வெள்ளி குளிக்க முன்னாடி தாப்பாப் போட்டுக்கிட்டு ஒரு டப்பாவத் தொறக்குற. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கிற. ஒங்க ஆத்தா கொடுத்து விட்ட டப்பா...

— ஆத்தாடி! சீயக்காய்க்குப் பின்னாடி இருந்ததா?

— அதேதான். எனக்கு நாத்தம் பிடிச்ச வெங்காயம், தனக்கு மட்டும் அசல் மருந்தான்னு வயித்தெரிச்சல். நீ அசந்து தூங்குனதும் தயிர்ல கொழச்சுப் போட்டுக்குவேன். விடிய முன்ன தோட்டத்து மோட்டார்ல போயி அலசிருவேன்.

— எத்தனை நாளு?

— சித்திரை ஒண்ணுலருந்து.

— தெனமுமா?

— தெனமும் ஒரு கரண்டி. கொட்டக் கொட்டப் பயந்து போயி இப்ப ரெண்டு கரண்டி. உரத்தக் கூட்டுனா மகசூல் கூடும்ல?

— அடப் பாவி மனுசா! டப்பா குறையுதேன்னு நான் அத்தையைச் சந்தேகப்பட்டேன். பதினஞ்சு நாளா அவுக மூஞ்சியப் பாத்துப் பேசல.

— எங்கம்மாவுக்கு எதுக்குடி அது?

— அவுகளுக்கும் தேவைதான்.

— ஏ, எதுக்குச் சிரிக்கிற? இந்தா, இப்ப எதுக்கு அழுகுற? ஏதாச்சும் ஒண்ணச் செய்யி.

— ரெண்டும் சேந்து வருதுங்க. ஒங்களப் பாத்தாச் சிரிப்பா வருது, ஒங்க தலையப் பாத்தா அழுகையா வருது. இனிமே அந்த டப்பாவத் தொடாதீங்க.

— காரணத்தச் சொல்லு, தொடல.

— மாட்டேன். ஒம்பது மாசமா ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ஒளிச்சு வச்சிருக்கேன். சொன்னா எம் மானம் போயிரும்.

— வெங்காயத் தண்ணி தாடி வரைக்கும் ஒழுக ஒக்காந்திருக்கேன். எனக்கு இல்லாத மானமா ஒனக்கு?

— ஆம்பளைக்கு முடி கொட்டுறது ஊர்ல நடக்காததா? இது வேற. எனக்குக் கூச்சமா இருக்கு.

— சரி, இப்படி வச்சுக்குவோம். நீ அதச் சொல்லிரு. வெள்ளிக்கெழமை மொத ஆளா மண்டப வாசல்ல நிக்கிறேன். குல்லா வேணாம், டோப்பா வேணாம், இருக்குற தலையோட கும்பிடுறேன். வீரபாண்டி கௌமாரி மேல சத்தியம்.

— பெறகு பேச்சு மாறக் கூடாது.

— மாறல.

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல.

— அத்தைகிட்டச் சொல்லக் கூடாது.

— சொல்லித் தொலை நதியா, கண்ணு எரியுது!

— எனக்கு மேலுதட்டுல மீசை மொளைக்குதுங்க. அது மறுபடி மொளைக்காம வேரோட போறதுக்குத்தான் எங்க ஆத்தா அந்தப் பொடிய இடிச்சுக் கொடுத்து விட்டாக.