முனிராஜுக்கு நான் சொன்ன ரிசல்ட்

நான் ஊசி போட்டால் வலிக்காது. சூளகிரிப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் சார், ஜெபசீலி சிஸ்டர் கை என்றால் குழந்தைகூட அழாது என்பார்கள். நரம்பு கிடைக்காதவர்களை என்னைத் தேடி அனுப்புவதும் உண்டு.

எங்கள் மையம் ஹைவேயை ஒட்டிய ஒரு மாடியில் இருக்கிறது. போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிற பையன்கள் வருவார்கள். பெரும்பாலும் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். பழைய ஊசியை டப்பாவில் போட்டுவிட்டுப் புது ஊசி வாங்கிக்கொண்டு போவார்கள். புண்ணுக்கு மருந்து போடுவேன், ரத்தம் பரிசோதிப்பேன். ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டு எச்.ஐ.வி. வந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் யாரையும் மிரட்டி நிறுத்த வைக்கக் கூடாது, அவர்களாகக் கேட்கும்போது சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்று ட்ரெயினிங்கில் சொன்னார்கள். அதுவரை காத்திருக்க வேண்டுமாம். எனக்குக் காத்திருக்க வரவில்லை.

முனிராஜ் பேரிகை ஊர்க்காரன். தக்காளி போடுகிற குடும்பம். இவன் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். மனைவி மாதேஸ்வரி, அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த ஒரு பெண் குழந்தை. மையத்துக்கு வருகிற மற்றவர்களைப் போல இல்லை அவன். "சாப்டீங்களாக்கா" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவான். காப்பாற்ற வேண்டியவன் யார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும் சார்.

ஒருநாள் அவன் ரத்தத்தைப் பரிசோதித்தேன். பரிசோதனைப் பட்டையில் ஒரு கோடுதான் விழுந்தது. அப்படியென்றால் நோய் இல்லை. பட்டையை அவன் பார்ப்பதற்குள் குப்பையில் போட்டேன்.

"முனிராஜு, உனக்கு இருக்குதுப்பா" என்றேன்.

அவன் அழவில்லை. "புள்ளைக்கு முத்தம் குடுத்தா ஒட்டிக்குமாக்கா?" என்று கேட்டான்.

முத்தத்தால் பரவாது என்று எனக்குப் பின்னால் சுவரிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறது. அவன் படத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவன் நம்பியது என்னைத்தான்.

"ஜாக்கிரதையா இருந்துக்கறது நல்லதுதானே" என்றேன்.

"பெரியாஸ்பத்திரில இன்னொருக்கா பாத்துக்கலாமாக்கா?"

"அங்க போனா கம்பெனிக்குத் தெரிஞ்சுரும். மருந்து நானே தர்றேன்."

பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுத்தேன். சிறுநீர் மஞ்சளாகப் போகிறது, மருந்து வேலை செய்கிறதா என்று பிறகு வந்து கேட்டான். செய்கிறது என்றேன். சத்து மாத்திரை யாருக்கும் கெடுதல் செய்வதில்லை.

ஊசியை அன்றோடு விட்டுவிட்டான். நடுக்கமும் வாந்தியுமாக வயலில் மோட்டார் ரூமில் படுத்துக் கிடந்தான். நானே ஸ்கூட்டியில் போய் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன். தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் தனியாக வைத்திருந்தான். நான் இருக்கும்போது குழந்தை வந்து கதவைத் தட்டியது. அப்பா அப்பா என்று கூப்பிட்டது. அவன் காதைப் பொத்திக்கொண்டானே தவிர, திறக்கவில்லை. அந்த மன உறுதியைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

நடுக்கம் நின்ற பிறகு இன்னொரு நாள் போனபோது, வெளியே மாதேஸ்வரி என்னைப் பிடித்துக்கொண்டாள். "உடம்பு தேறியும் இவரு எங்கள கிட்டயே சேக்க மாட்டேங்கறாருக்கா. வேற யாராச்சும் இருக்கறாங்களா?"

"திருந்திட்டு வர்றான்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

பொங்கல் கழிந்து அவன் கிணற்றில் இறங்கி உயிரை விட்டுவிட்டான். முந்தின நாள்தான் மனைவியிடம் தனக்கு நோய் என்று சொல்லியிருக்கிறான். அதனால் பிரேதப் பரிசோதனை நடந்த ஆஸ்பத்திரியில் அவள் அழுது கேட்டு, அவன் ரத்தத்தைப் பார்க்க வைத்திருக்கிறாள். தன்னுடையதையும் குழந்தையுடையதையும் பார்த்துக்கொண்டாள். யாருக்கும் எதுவும் இல்லை.

காரியம் முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மையத்துக்கு வந்தாள். முனிராஜ் உட்காருகிற நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"அவருக்கு ஒண்ணுமே இல்லைன்றாங்க. அப்ப நீங்க எதக்கா பாத்தீங்க?"

பட்டையில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் புருஷனை இழந்தவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இல்லைன்னுதான் வந்துச்சு. பயந்தாத்தான் விடுவான்னு சொன்னேன்மா. அவனும் விட்டுட்டான் பாரு" என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். குழந்தை என் மேஜைமேல் இருந்த பஞ்சை எடுக்கக் கை நீட்டியது. அந்தக் கையை வெடுக்கென்று இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு எழுந்தாள். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை சார். நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

முனிராஜ் ஒருவனிடம் மட்டும்தான் சொன்னாயா என்று கேட்கிறீர்கள். இல்லை, இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவனுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோயிற்று. ஒருவன் வேலையை விட்டுவிட்டுத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரமாகத் தனியாக இருக்கிறான். இன்னொருவன் யாரிடமும் பேசுவதில்லை. மூவருமே ஊசியைத் தொடுவதில்லை, நன்றாக இருக்கிறார்கள். பெயர்களை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நீங்கள் போய் நோய் இல்லை என்று சொல்லிவிடுவீர்கள், அவர்கள் பழையபடி கெட்டுப்போவார்கள். அந்தப் பாவத்துக்கு நான் ஆளாக மாட்டேன்.