எந்த ஆசைக்கு வாங்கின கடன்

அந்த வகுப்புக்கா போகப் போற? பேரு குடுத்துட்டியா, இல்ல இனிமேதானா? முதல்ல ரோட்டைப் பாரு தங்கச்சி, என் மூஞ்சில ஒண்ணும் எழுதி ஒட்டல. கிளட்சை மெதுவா விடு... ம், அப்படித்தான். பயப்படாத, என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு.

கடன் விடுதலை வகுப்பு! எனக்குத் தெரியாதா? ஆரம்பத்துலேர்ந்து முன்வரிசையில உக்காந்தவ நான். எங்க வீட்டுக்காரரு ஏசி ரிப்பேர் பண்றவரு. ஊர்ல உள்ளவங்க சூட்டையெல்லாம் தணிச்சிட்டு வருவாரு, பேங்க்லேர்ந்து போன் வந்தா இவருக்கு வேர்த்துக் கொட்டும். சபையில யாரோ சொன்னாங்கன்னு போனாரு. போன மனுஷன் வேற, வந்த மனுஷன் வேற.

அங்க ஒரு அண்ணன் நடத்தறாரு பாரு, அவருக்கு நான் மைக் அண்ணன்னு பேரு வச்சிருக்கேன். கையில மைக் இல்லாட்டியும் மைக்ல பேசற மாதிரியேதான் பேசுவாரு. குடிக்கத் தண்ணி கேட்டாக்கூட நம்ம ஆமென் சொல்லணும். கடன் இருக்கற வீட்டுக்குள்ள ஆசீர்வாதம் காலெடுத்து வைக்காதும்பாரு. ஆசீர்வாதம் வருதோ இல்லையோ, காணிக்கைப் பை மட்டும் வரிசை தவறாம வந்துடும்.

இடது பக்கம் திரும்பு. இண்டிகேட்டரு! எந்தப் பக்கம் திரும்பறோம்னு சொல்லாம திரும்பறதுக்கு நீ என்ன மைக் அண்ணனா?

நியாயமாப் பேசணும்ல. கிரெடிட் கார்டை வெட்டச் சொன்னாரு, வெட்டினோம். நல்லதுதான். சம்பளம் வந்ததும் வாடகைக்கு, கரண்டுக்கு, பஸ்ஸுக்குன்னு கவர் கவராப் பிரிச்சு வைக்கச் சொன்னாரு. அதுவும் நல்லதுதான். எங்கம்மா இதையேதான் காலி பவுடர் டப்பாவுல பண்ணிட்டிருந்தா. அவளுக்கு யாரும் மேடை போட்டுக் கைதட்டல, அவ்வளவுதான்.

முதல் கவரு சபைக்கு. பத்துல ஒண்ணு. நானும் ஜெபம் பண்றவதான், குடுக்கறதைக் குத்தம் சொல்லல. ஆனா மிச்சத்துல வாழ்றதுக்கு எங்க வீட்டுக்காரரு போட்ட சட்டம் இருக்கே! குளிக்கிற சோப்பை ரெண்டா வெட்டி ஒரு பாதியை ஒளிச்சு வச்சாரு. ஃபிரிட்ஜை வித்தாரு. ஏசிக்காரன் வீட்டுல ஐஸ் தண்ணி இல்லாத கதையை எங்கயாவது கேட்டிருக்கியா? பாத்ரூம் பல்பைக் கழட்டிட்டு, வெளிச்சம் மனசுல இருந்தாப் போதும்ங்கறாரு. மனசுல வெளிச்சம் இருந்தா வாளி கால்ல இடிக்காம இருக்குமா?

சிரிக்காத, முன்னாடி சைக்கிள் போகுது.

அதையெல்லாம்கூட பொறுத்துக்கிட்டேன். கடன் குறையத்தான் செஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம்தான் சாட்சி சொல்ற நாள்னு ஒண்ணு வச்சாங்க. ஒவ்வொரு கடனுக்குப் பின்னாலயும் ஒரு பாவம் ஒளிஞ்சிருக்காம். எந்த ஆசைக்கு வாங்கினோம்னு கண்டுபிடிச்சு, மேடையேறி அறிக்கை பண்ணணுமாம். ஒருத்தரு பைக்குன்னாரு. பெருமைன்னு பேரு வச்சாரு மைக் அண்ணன். ஒரு அம்மா வளையல்னாங்க. பொறாமை. சளிக்கு ஒரு மாத்திரை, இருமலுக்கு ஒரு மாத்திரைன்னு குடுக்கற மாதிரி, எல்லாருக்கும் ஒரு பாவத்தைக் கையில குடுத்து இறக்கி விட்டாரு. சனங்களும் சந்தோஷமா வாங்கிட்டு இறங்குது.

எங்க வீட்டுக்காரரு ஏறினாரு. அயர்ன் பண்ணின சட்டை. எங்க வீட்டுல பெரிய கடன் ஒண்ணு இருக்கு, அதுதான் எங்களை முழுங்கினது, அன்னைக்கு நான் கடவுளை நம்பிக் காத்திருந்திருக்கணும், நம்பிக்கை இல்லாம பேராசையில ஓடிப்போய் கையெழுத்துப் போட்டுட்டேன், அந்தக் கடனை வாங்கினதே பாவம்னு சொல்லி முட்டி போட்டு அழுதாரு. மைக் அண்ணன் அவரு தலையில கை வச்சாரு. கூட்டமே எழுந்து நின்னு கைதட்டுது. நானும் எழுந்தேன். கைதட்ட இல்ல. பையை எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். அந்த வாரமே அவரு துணிமணியை ஒரு சூட்கேஸ்ல அடுக்கி, அவரை அவங்க அக்கா வீட்டுக்கு அனுப்பி வச்சேன்.

இதுக்குப் போயான்னு தானே பாக்கற? எங்கம்மாவும் அதேதான் கேட்டா. குடிக்கல, அடிக்கல, சாமி கும்பிட்டு அழுதான், அது ஒரு குத்தமாடின்னா.

வேகத்தைக் குறை, ஸ்கூலு வருது. கேட்டுக்கு இந்தப் பக்கமே ஓரங்கட்டு. ஹேண்ட் பிரேக்கைப் போடு. ஒரு ஆளை ஏத்திக்கணும்.

என்ன கேட்ட? எதுக்கு வாங்கின கடனா? அதோ, நீலப் பையை மாட்டிக்கிட்டு, ஒரு கால் சாக்ஸ் கீழ இறங்கி ஒரு வாண்டு வருது பாரு. அதுக்கு வாங்கினது.

பொறக்கறப்பவே இதயத்துல ஓட்டை. நாலு வயசுல உதடெல்லாம் நீலம் பாஞ்சு போச்சு. ஆபரேஷனை இனிமே தள்ளிப் போட முடியாதுன்னுட்டாங்க டாக்டரு. இதே மனுஷன்தான் ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு, வட்டி எவ்வளவா இருந்தா எனக்கென்ன, எங்க கையெழுத்துப் போடணும் அதைக் காட்டுன்னு லோன் பேப்பரோட வந்த பேங்க்காரன்கிட்ட கத்தினாரு. தாலி கட்டினப்பகூட அவர்மேல எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்ல. அதுக்குத்தான் அன்னைக்கு மேடையில மன்னிப்பு கேட்டாரு. இவ என் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தா. பஸ் ஸ்டாப்புக்கு வந்தப்புறம் என் கையைப் பிடிச்சு இழுத்து, அம்மா, நான்தான் அந்தப் பாவமான்னா.

அவரு வராம இல்ல. வாராவாரம் வந்து வாசல்ல நிக்கறாரு. உன் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு உள்ள வான்னு சொல்லிட்டேன். அதான் கடவுள்கிட்டயே கேட்டுட்டேனேங்கறாரு.

கேக்கட்டும். மிச்சக் கடனை என் பேருக்கு மாத்திக்கிட்டேன். இன்னும் வருஷக்கணக்கா கட்டணும், கட்டுவேன். பேங்க்ல வரிசையில நிக்கறப்ப எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. எதுக்கும்மா இந்த லோனுன்னு கவுண்டர்ல கேட்டா, பர்ஸைத் திறந்து இவ போட்டோவைக் காட்டிட்டுத்தான் பணத்தையே எடுப்பேன்.

ஏய், மெதுவா வாடி! எங்க கேக்குது? நடன்னா ஓடும். ஹாரனை அடிச்சுடாத தங்கச்சி. ஓடி வரட்டும்.